‘யாரிடமும் சொல்லாமல் காட்டுக்குப் போய்விட நினைக்கிறேன், தவறா?’

கடிதம் எழுதியிருப்பவருக்கு 44 வயது. மனைவி, 15 வயது மகள், 9 வயது மகன். பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கும் அப்பாவும் இவர்களோடுதான் இருக்கிறார். இருபது ஆண்டுகளாக ஒரே அலுவலகத்தில் கணக்குப் பிரிவு வேலை. அடையாளம் தரும் விவரங்களை நீக்கிவிட்டு, நீண்ட கடிதத்தின் சாரத்தை அவர் குரலிலேயே தருகிறேன்.

“எனக்கு மனிதர்கள் அலுத்துவிட்டார்கள். வீட்டில் பெரிய சண்டை எதுவும் இல்லை, மனைவி நல்லவர்தான். ஆனால் கண் விழித்ததிலிருந்து யாராவது ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒன்றரை ஆண்டாக விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. முன்பு பிடித்த எதிலும் இப்போது மனம் ஒட்டவில்லை. அந்த மூன்று மணிக்கு, காட்டில் தனியாகக் குடிசை கட்டி வாழ்பவர்களின் வீடியோக்களைப் பார்ப்பேன். அப்போதுதான் மூச்சு விட முடிகிறது. சேமிப்பு முழுவதையும் மனைவி பெயருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். நான்கைந்து வருடச் செலவுக்கு அது போதும். ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு ஒருநாள் கிளம்பிவிடுவதாக இருக்கிறேன். முன்கூட்டியே சொன்னால் அழுது தடுத்துவிடுவார்கள். புத்தரும் சொல்லாமல்தானே போனார்? பெரிதாக எதையாவது சாதித்தவர்கள் பலரும் குடும்பத்தை விட்டுப் போனவர்கள்தான். பிள்ளைகளுக்கு இப்போது கஷ்டமாக இருக்கும், வளர்ந்தால் புரிந்துகொள்வார்கள். உண்மையில் நான் இல்லாவிட்டால் அவர்கள் இன்னும் நன்றாகவே இருப்பார்கள். மிச்சமிருக்கும் வாழ்க்கையை எனக்காக வாழ நினைப்பது தவறா? திட்டாமல் பதில் சொல்லுங்கள்.”

நண்பரே, திட்டப் போவதில்லை. தனியாக இருக்க ஆசைப்படுவது குற்றமும் அல்ல, நோயும் அல்ல. சிலருக்கு நாலு பேர் கூடினால்தான் தெம்பு வரும். சிலருக்கு இருக்கிற தெம்பும் போய்விடும். நீங்கள் இரண்டாவது வகை என்று தெரிகிறது. அப்படிப்பட்டவர் பகலெல்லாம் அலுவலகத்துக்கும், மாலையில் பிள்ளைகளுக்கும், இரவில் படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவுக்கும் ஈடுகொடுத்துக்கொண்டிருந்தால், காடு கனவில் வரத்தான் செய்யும்.

ஆனால் நேராகக் கேட்டிருக்கிறீர்கள், நேராகவே சொல்கிறேன். இப்போதுள்ள திட்டப்படி நீங்கள் கிளம்பினால் அது நியாயமாகாது. தனிமை வேண்டும் என்று கேட்பது ஒன்று, சொல்லாமல் காணாமல் போவது வேறொன்று. உங்கள் கடிதத்தில் இரண்டும் ஒன்றாகவே வருகின்றன. பிரித்துப் பார்த்தால், நீங்கள் நினைப்பதைவிட அதிக வழிகள் தெரியும்.

அவற்றுக்கு வருவதற்கு முன்னால் ஒன்று கேட்டாக வேண்டும்.

முதலில் உடம்பும் மனமும்

“நான் இல்லாவிட்டால் அவர்கள் இன்னும் நன்றாகவே இருப்பார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். என் தொழிலில் இருக்கும் யாரும் இந்த வரியைப் படித்துவிட்டு அப்படியே கடந்துபோக மாட்டார்கள். செத்துப்போனால் நிம்மதி என்ற எண்ணம் வருகிறதா? காட்டுக்குப் போவதென்பது, திரும்பி வராமல் இருப்பதற்கு நீங்கள் மனதுக்குள் வைத்திருக்கும் இன்னொரு பெயரா? இப்படி வெளிப்படையாகக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி வருவதில்லை. பலருக்குக் கேட்டதும் பாரம்தான் குறைகிறது. உங்கள் பதில் ஆம் என்றால், லேசான ஆம் என்றாலும், இதற்கு மேல் படிக்க வேண்டாம். இன்றைக்கே மனைவியிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ சொல்லுங்கள், மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது நீங்கள் இருக்கும் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். மற்றதெல்லாம் காத்திருக்கும்.

இல்லை என்றால், தொடர்வோம். ஒன்றரை ஆண்டாக விடியலுக்கு முன்னால் விழிப்பு, பிடித்ததில் எல்லாம் பிடிப்புப் போனது, எல்லோர் மீதும் எரிச்சல், நாம் யாருக்கும் தேவையில்லை என்ற எண்ணம். இவை சேர்ந்து வந்தால் மனச்சோர்வு நோயாக இருக்குமோ என்று எந்த மருத்துவரும் யோசிப்பார். தைராய்டு குறைந்தாலும், குறட்டையோடு மூச்சு நின்று நின்று தூக்கம் கெட்டாலும் ஏறக்குறைய இதே போன்ற சோர்வு வரும். ஓயாத வேலை அழுத்தத்தால் ஆள் மொத்தமாக வற்றிப்போவதை உலக சுகாதார அமைப்பு 2019இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில், நோயாக அல்லாமல், வேலை சார்ந்த ஒரு நிலையாகத் தனியே குறிப்பிட்டிருக்கிறது. உங்களுக்கு இவற்றில் எது என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ரத்தப் பரிசோதனையும் ஒரு மனநல மருத்துவரோடு ஒரு மணி நேரப் பேச்சும் போதும், பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. மனச்சோர்வு தன்னை நோய் என்று சொல்லிக்கொண்டு வராது. ‘இப்போதுதான் எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது’ என்ற குரலில் வரும். அதனால்தான் அந்தக் காலத்தில் திரும்பப் பெற முடியாத முடிவுகளை எடுக்காதீர்கள் என்று சொல்கிறோம். தூக்கம் சரியாகி, மனம் கொஞ்சம் தேறிய பிறகும் காடு கூப்பிட்டால், அது உங்கள் ஆசைதான். அதற்கு மரியாதை கொடுத்தே பேசலாம்.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் அடி, உதை, மிரட்டல் இருந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். உயிருக்குப் பயந்து சொல்லாமல் வெளியேறுபவரை யாரும் குறை சொல்ல முடியாது. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. நீங்களே ஆத்திரத்தில் யாரையாவது ஏதாவது செய்துவிடுவோமோ என்ற பயம் இருந்தால் மட்டும், அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

தனியாக வாழ்ந்தவர்கள் எவ்வளவு தனியாக இருந்தார்கள்?

அந்த வீடியோக்களைப் பற்றி ஒரு வார்த்தை. மனிதர்களே வேண்டாம் என்று போன ஒருவர் கேமராவைச் சரியான கோணத்தில் வைத்து, மரம் வெட்டிவிட்டு, திரும்பி வந்து அதை எடுத்து, வெட்டித் தொகுத்து, லட்சம் பேர் பார்க்கும்படி ஏற்றுகிறார் என்பதைக் கவனித்தீர்களா? பல் வலி வந்த நாளை யாரும் காட்டுவதில்லை.

அமெரிக்காவின் வால்டன் குளக்கரையில் தனியாக வாழ்ந்த எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோவை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். 1845 ஜூலையில் போனார், 1847 செப்டம்பரில் வந்துவிட்டார். நிலம் நண்பர் எமர்சனுடையது. ஊர் நடந்துபோகும் தூரத்தில் இருந்தது, அடிக்கடி போய்வந்தார், விருந்தினர்களும் வந்துபோனார்கள். அவருக்கு மனைவியோ பிள்ளைகளோ இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவருக்கு வேண்டியிருந்த அளவுத் தனிமையை, யாரையும் நட்டாற்றில் விடாமல் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். அலாஸ்காவில் ரிச்சர்ட் ப்ரோனெக்கி என்பவர் 1968 முதல் ஏறத்தாழ 30 ஆண்டுகள், தன் கையால் கட்டிய மர வீட்டில் வாழ்ந்தார். உங்கள் கனவுக்கு மிக நெருக்கமானவர் அவர்தான் என்று நினைக்கிறேன். அவரும் திருமணம் ஆகாதவர். அங்கே குடியேறும்போது ஐம்பதைத் தாண்டியிருந்தார். தச்சு வேலையும் இயந்திர வேலையும் கரைத்துக் குடித்தவர். அவருக்கும் சிறிய விமானத்தில் பொருளும் கடிதமும் கொண்டுவந்து கொடுக்க ஒரு நண்பர் இருந்தார்.

முழுத் தனிமை எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் கிறிஸ்டோபர் நைட்டின் கதை இருக்கிறது. 1986இல் இருபது வயதில் அமெரிக்காவின் மெயின் மாநிலக் காட்டுக்குள் போனவர், 2013 வரை 27 ஆண்டுகள் யாரோடும் பழகாமல் ஒளிந்தே இருந்தார். எப்படிச் சாப்பிட்டார்? சுற்றியிருந்த விடுமுறை வீடுகளிலும் முகாம்களிலும் ஏறத்தாழ ஆயிரம் முறை திருடினார். கடைசியில் ஒரு முகாமின் சமையலறையில் கையும் களவுமாகப் பிடிபட்டார். யாரையும் சாராமல் வாழப் போனவர், தன்னைப் பார்த்தே இராத நூற்றுக்கணக்கானவர்களின் அலமாரியைச் சார்ந்து வாழ்ந்திருக்கிறார்.

கிறிஸ்டோபர் மெக்கேண்ட்லெஸ் என்ற அமெரிக்க இளைஞர் 1990இல் பெற்றோரிடம் சொல்லாமல் கிளம்பி, 1992 ஏப்ரலில் அலாஸ்காவின் உட்பகுதிக்குப் போனார். போகும்போது சுலபமாகக் கடந்த ஆறு, ஜூலையில் திரும்பும்போது பெருக்கெடுத்து ஓடியது. சரியான வரைபடம் கையில் இல்லை. ஆகஸ்டில் 24 வயதில் அங்கேயே இறந்தார். அதுவரை பெற்றோர் துப்பறிவாளர் வைத்துத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

உங்களுக்கு 44 வயது, இருபது ஆண்டுகள் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறீர்கள். ஆறு மைல் சுமை தூக்கி நடந்து பார்த்திருக்கிறீர்களா? மழையில் அடுப்பு மூட்டியிருக்கிறீர்களா? கடிதத்தில் காட்டைப் பற்றி நிறைய இருக்கிறது, ஆனால் ஓர் இரவுகூடக் காட்டில் தங்கியதாக எங்கும் இல்லை. யோசித்துப் பார்த்தால், உங்களை இழுப்பது மரமும் மலையும்தானா, அல்லது யாரும் கூப்பிட முடியாத ஓர் இடமா? இரண்டாவது என்றால், அதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

புத்தரைச் சாட்சிக்குக் கூப்பிட்டால்

சித்தார்த்தர் சொல்லாமல் போனார் என்பது மரபாக வரும் கதை. ஆனால் அந்தக் கதையை நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அவர் விட்டுப்போன மனைவியும் கைக்குழந்தையும் அரண்மனையில், அரசரின் பொறுப்பில் இருந்தார்கள். அவர் தனிமையிலேயே தங்கிவிடவும் இல்லை. சில ஆண்டுகளில் ஊருக்கு வந்து குடும்பத்தின் முன்னால் நின்றார். அப்போது மகன் ராகுலனையும் துறவியாக்கியதும் தாத்தா சுத்தோதனர் உடைந்துபோனார். இனிமேல் பெற்றோர் அனுமதி இல்லாமல் எந்தப் பிள்ளையையும் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். புத்தர் அதைத் தன் துறவிகள் சங்கத்தின் விதியாகவே ஆக்கினார். கடன்பட்டவரையும் சங்கத்தில் சேர்க்கக் கூடாது என்று விதி உண்டு. அதாவது, புத்தர் எப்படிப் போனாரோ அப்படி மற்றவர்கள் வந்துவிடக் கூடாது என்பதில் புத்தரே கவனமாக இருந்திருக்கிறார்.

துறவை இவ்வளவு உயர்த்திப் பேசிய நாட்டில் அரசும் இதைச் சும்மா விடவில்லை. மனைவி மக்களுக்கு வழி செய்யாமல் துறவு போகிறவனுக்குத் தண்டம் விதிக்கச் சொல்கிறது அர்த்தசாஸ்திரம். தரும நூல்கள் வனவாசத்தை எப்போது வைத்தன? தலை நரைத்து, பேரன் முகம் பார்த்த பிறகு. அதுவும் மனைவியைப் பிள்ளைகள் பொறுப்பில் விட்டு, அல்லது கூட அழைத்துக்கொண்டு. அந்தக் காலத்து ஏற்பாடுகள் எல்லாம் நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் போவதற்கு முன் பாக்கியை முடித்துவிட்டுப் போ என்ற எண்ணம் பழையது என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு புத்தரைவிட நளன்தான் ஞாபகத்துக்கு வந்தான். நாடிழந்து காட்டுக்கு வந்தவன், தூங்கிக்கொண்டிருந்த தமயந்தியை விட்டு நள்ளிரவில் போகிறான். அவன் சொல்லிக்கொண்ட காரணம் என்ன? ‘நான் இல்லாவிட்டால் இவள் தகப்பன் வீட்டுக்குப் போய் நன்றாக இருப்பாள்.’ உங்கள் வரியேதான். விழித்தவள் தகப்பன் வீட்டுக்குப் போகவில்லை. அவனைத் தேடித்தான் காட்டில் அலைந்தாள். மலைப்பாம்பிடம் சிக்கினாள், காப்பாற்றிய வேடனிடமிருந்தும் தப்ப வேண்டியிருந்தது. நளன் கெட்டவன் அல்ல. அவளுக்கு எது நல்லது என்பதை அவளைக் கேட்காமல் முடிவு செய்தான்.

பெரிதாகச் சாதித்தவர்கள் குடும்பத்தை விட்டவர்கள்தான் என்ற வாதத்துக்கு, ஓவியர் பால் கோகானைப் பார்க்கலாம். பங்குச் சந்தை வேலை போன பிறகு முழுநேர ஓவியரானவர். மனைவியும் ஐந்து பிள்ளைகளும் டென்மார்க்கில் இருக்க, 1891இல் தாஹித்தி தீவுக்குப் போனார். படங்கள் உலகப் புகழ் பெற்றன. 1897இல் 19 வயது மகள் அலீன் இறந்த செய்தி அவருக்குக் கடிதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. இவரை மனதில் வைத்து பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற தத்துவவாதி 1976இல் ஒரு கேள்வி எழுப்பினார். போகிற நாளில் ஓவியருக்குத் தான் ஜெயிப்போமா என்று தெரியாது. தோற்றிருந்தால் அந்தப் போக்குக்கு என்ன நியாயம் மிஞ்சும்? ஜெயித்தாலும்கூட, விடப்பட்டவர்கள் அதை ஏற்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. என் பங்குக்கு ஒன்று சேர்க்கிறேன்: குடும்பத்தை விட்டுப்போய் ஒன்றுமே ஆகாமல் போனவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதால் உங்கள் கண்ணில் படவில்லை.

சரி, இப்படிப் போனவர்களில் ஓரளவு நியாயமாகப் போனவர் யாருமே இல்லையா என்று கேட்டால், ஒருவரைச் சொல்வேன். சுவிட்சர்லாந்தின் நிக்லாஸ் வான் ஃப்ளூ. விவசாயி, ஊர்ப் பொறுப்புகளில் இருந்தவர், பத்துப் பிள்ளைகளின் தகப்பன். 1467இல், ஐம்பது வயதில், துறவியாக வேண்டும் என்றார். மனைவி டோரோதியாவிடம் பேசி அவர் சம்மதம் வாங்கிய பிறகே கிளம்பினார். நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் வயதில் மூத்த மகன்கள் இருந்தார்கள். முதலில் நாட்டுக்கு வெளியே தூரமாகப் போகத்தான் நினைத்தார். பாதி வழியில் திரும்பி வந்து, கடைசியில் எங்கே தங்கினார் தெரியுமா? சொந்த வீட்டிலிருந்து சில நிமிட நடையில், ரான்ஃப்ட் என்ற பள்ளத்தாக்கில். 1487இல் இறக்கும்வரை இருபது ஆண்டுகள் அங்கேயே. குடும்பம் போய்ப் பார்க்க முடிந்தது. ஊரார் யோசனை கேட்டு வந்தார்கள். பின்னாளில் அவருக்குப் புனிதர் பட்டமும் கிடைத்தது. எனக்கு இதிலும் முழுத் திருப்தி இல்லை. கடைசிக் குழந்தைக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. மடியில் குழந்தையோடு இருந்த ஒரு பெண் கொடுத்த சம்மதம் எவ்வளவு மனமார இருந்திருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனாலும் அவர் கேட்டார், ஏற்பாடு செய்தார், பார்க்கக்கூடிய தூரத்தில் இருந்தார். உங்கள் திட்டத்தில் இந்த மூன்றும் இல்லை.

கடிதம் வைத்துவிட்டுப் போன பிறகு

நீங்கள் கிளம்பிய காலையில் என்ன நடக்கும் என்று கடைசிவரை யோசிக்கவில்லை என்று படுகிறது. கடிதத்தைப் படித்ததும் மனைவி முதலில் நினைக்கப்போவது காட்டை அல்ல. தற்கொலையைத்தான். உங்களை உயிரோடு கண்டுபிடிக்கும்வரை அந்த எண்ணம் அவரை விடாது. ஒருவேளை விடவே விடாது.

அமெரிக்கக் குடும்பநல ஆய்வாளர் பாலின் பாஸ், வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களை 1970களில் கவனித்து ஒன்றைச் சொன்னார். செத்துவிட்டார் என்று தெரிந்தால் அழுது, சடங்கு செய்து, மெல்ல மெல்ல மீள முடிகிறது. இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாதபோது துக்கம் தொடங்கவும் முடியாமல் முடியவும் முடியாமல் உறைந்து நின்றுவிடுகிறது. அந்தக் குடும்பங்களிலாவது ‘அவர் விரும்பிப் போகவில்லை’ என்ற ஆறுதல் இருந்தது. உங்கள் வீட்டில் அதுவும் இருக்காது.

‘வளர்ந்தால் புரிந்துகொள்வார்கள்’ என்கிறீர்கள். வளர்வதற்கு முன்னால் என்ன நடக்கும்? ஒன்பது வயதுப் பையன் காரணத்தைத் தன்னிடம்தான் தேடுவான். ‘நான் சத்தம் போட்டதாலா? மார்க் குறைந்ததாலா?’ அந்த வயதுப் பிள்ளைகளின் மனம் அப்படித்தான் வேலை செய்கிறது. பதினைந்து வயது மகள் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்வதைவிட உங்கள் மேல் கோபப்படுவாள், அது ஒருவகையில் ஆரோக்கியம். ஆனால் நாளைக்கு யாராவது ‘உன்னோடு இருப்பேன்’ என்று சொன்னால் அவள் எப்படி நம்புவாள்? பெரியவர்களான பிறகு அவர்கள் உங்களைப் புரிந்துகொள்ளக்கூடும். புரிந்துகொண்ட பிறகும் மன்னிக்காமல் இருக்க அவர்களுக்கு உரிமை உண்டு.

அப்புறம் உங்கள் அப்பா. அவரைத் திருப்பிப் படுக்க வைப்பது, கழுவி விடுவது, மருந்து கொடுப்பது எல்லாம் நாளையிலிருந்து யார் வேலை? கடிதம் முழுக்க இதற்கு ஒரு வரி இல்லை. மனைவி பார்த்துக்கொள்வார் என்பது உங்களுக்கு அவ்வளவு இயல்பாக இருந்திருக்கிறது. இதே கடிதத்தை அவர் எனக்கு எழுதியிருந்தால், ‘கணவரையும் பிள்ளைகளையும் மாமனாரையும் விட்டுவிட்டுச் சொல்லாமல் காட்டுக்குப் போகிறேன்’ என்று, நீங்கள் படித்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? காலை மூன்று மணிக்கு அவரும் பக்கத்து அறையில் விழித்திருக்கிறாரா என்று என்றாவது எட்டிப் பார்த்திருக்கிறீர்களா?

சட்டம் எந்தப் பக்கம்?

வயது வந்த ஒருவர் வீட்டை விட்டுப் போவது மட்டுமே பெரும்பாலான நாடுகளில் குற்றம் அல்ல. காணாமல் போனவர் என்று காவல்துறை தேடிக் கண்டுபிடித்தாலும், உங்களைக் கட்டி இழுத்து வர முடியாது. பல இடங்களில் ‘உயிரோடு இருக்கிறார்’ என்பதை மட்டும் வீட்டுக்குச் சொல்லி, இருக்கும் இடத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் சொல்ல மாட்டார்கள். இது உங்கள் உரிமை. ஆனால் போனதும் கடமை ஒழிந்துவிடுகிறது என்று நினைப்பது தவறு. மனைவியையும் வயது வராத பிள்ளைகளையும் பராமரிக்கும் பொறுப்பு ஏறக்குறைய எல்லா நாட்டுச் சட்டத்திலும் உண்டு, சில நாடுகளில் முதிய பெற்றோருக்கும். சேமிப்பைக் கொடுத்தாயிற்று என்பது அதற்குப் பதில் ஆகாது. நான்கைந்து வருடத்தில் உங்கள் மகன் இன்னும் பள்ளிக்கூடத்தில்தான் இருப்பான்.

நீங்கள் எதிர்பார்க்காத சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கூட்டுச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ உங்கள் கையெழுத்து வேண்டும். சில காரியங்களுக்குப் பிள்ளையின் தகப்பன் சம்மதமும் கேட்பார்கள். காப்பீட்டுப் பணம் வராது, ஏனென்றால் நீங்கள் இறக்கவில்லை. பல நாடுகளில் ஏழு ஆண்டுகள் தகவலே இல்லாமல் இருந்தால்தான் இறந்தவராகக் கருதச் சொல்லி வழக்காட முடியும். அதுவரை உங்கள் மனைவி திருமணமானவராகவும் துணை இல்லாதவராகவும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். கடைசியாக, காடு என்பது யாருக்கும் சொந்தமில்லாத இடம் அல்ல. பெரும்பாலும் அரசு நிலம், காப்பகம், அல்லது அங்கே தலைமுறைகளாக வாழ்பவர்களின் நிலம். அனுமதி இல்லாமல் குடிசை போட்டால் எழுந்து வர வேண்டியிருக்கும்.

வேறு என்ன செய்யலாம்?

மருத்துவரைப் பார்ப்பது முதல் வேலை என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது, மனைவியிடம் பேசுவது. வைத்துவிட்டுப் போவதற்காக எழுதிய கடிதத்தை அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள், பயந்துபோவார். பிள்ளைகள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, ‘ரொம்ப நாளாகத் தூக்கம் இல்லை, எங்கேயாவது ஓடிப்போய்விடலாமா என்று தோன்றுகிறது, நீ காரணம் இல்லை’ என்று தொடங்குங்கள். புத்தர், தத்துவம் எதுவும் அப்போது வேண்டாம். அவர் அழுதால் அழட்டும். அழுவது தடுப்பதாகாது. நீங்கள் அவர் கண்ணீருக்குப் பயந்துதான் ரகசியத் திட்டம் போட்டிருக்கிறீர்கள், அவர் அழுது முடித்த பிறகு என்ன சொல்வார் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது.

அப்பாவைப் பார்த்துக்கொள்ள வாரத்தில் சில மணி நேரமாவது சம்பளத்துக்கு ஓர் ஆள், அல்லது முறை வைத்து உறவினர் ஒருவர். உங்கள் மூச்சுமுட்டலில் இதற்கு நீங்கள் ஒப்புக்கொள்வதைவிடப் பெரிய பங்கு இருக்கும் என்பது என் ஊகம். அந்தச் சேமிப்பில் ஒரு பகுதியை இதற்குச் செலவிடலாம். வீட்டுக்குள்ளேயே தினமும் ஒரு மணி நேரம் உங்களை யாரும் கூப்பிடாத நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான குடும்பங்களில் இதைக் கேட்டால் கிடைக்கும், ஆனால் யாரும் கேட்பதில்லை.

பிறகு காடு. முதலில் நான்கு நாட்கள், அனுமதி உள்ள இடத்தில், எங்கே இருக்கிறீர்கள் என்று வீட்டுக்குத் தெரிந்து. கைப்பேசியை அணைத்து வைக்கலாம், குறிப்பிட்ட ஒரு நேரத்தில் மட்டும் ஒரு செய்தி. பிடித்தால் அடுத்த முறை இரண்டு வாரம். அலுவலகத்தில் சம்பளமில்லா நீண்ட விடுப்பு கிடைக்குமா என்று கேளுங்கள். இருபது ஆண்டு உழைத்தவருக்கு மறுப்பது அவர்களுக்கும் அவ்வளவு சுலபமில்லை. தனிமை உண்மையில் உங்களுக்கு ஒத்துவருகிறதா என்பது பத்தாவது நாள் இரவில்தான் தெரியும், வீடியோவில் தெரியாது. இதில் ஒரு நிபந்தனை உண்டு, விட்டுக்கொடுக்க மாட்டேன்: நீங்கள் எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறீர்களோ அத்தனை நாள் உங்கள் மனைவிக்கும் வேண்டும். அவர் அதைக் காட்டில் கழிப்பாரா, தோழி வீட்டில் தூங்கியே கழிப்பாரா என்பது அவர் விருப்பம்.

முழுதாக விலகி வாழ்வது என்ற எண்ணத்தையும் தூக்கிப் போடச் சொல்லவில்லை. மகனுக்குப் பதினெட்டு ஆகும்போது உங்களுக்கு 53 வயது. ப்ரோனெக்கியும் நிக்லாஸும் ஏறத்தாழ அந்த வயதில்தான் தொடங்கினார்கள். அதுவரை நிலம், உயில், மருத்துவக் காப்பீடு, தச்சு, முதலுதவி என்று தயாராவதற்கு நிறைய இருக்கிறது. அப்போதும் மனைவியின் சம்மதம் வேண்டும். அவர் ‘எனக்கு இந்த வாழ்க்கை வேண்டாம், பிரிந்துவிடலாம்’ என்று சொன்னால், அதையும் ஏற்க வேண்டியிருக்கும். அது வலிக்கும், ஆனால் இருவரும் தெரிந்து எடுத்த முடிவாக இருக்கும். முறையாகப் பிரிந்து, பிள்ளைகளைத் தவறாமல் பார்த்துக்கொண்டு, ஊருக்கு வெளியே தனியாக வாழும் தகப்பன்களைக் கைவிட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

எல்லாவற்றுக்கும் அவர் ‘இப்போது முடியாது’ என்றே சொன்னால்? நான்கு நாட்களுக்குக்கூட முடியாது என்றால், அவரும் உங்களைப் போலவே மூழ்கிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அப்போது காட்டுப் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு, இருவரும் சேர்ந்து ஒரு குடும்பநல ஆலோசகரிடம் போங்கள்.

சேமிப்பை மாற்றும் வேலையை இன்றே நிறுத்துங்கள். விளக்கம் இல்லாமல் பெரிய தொகை தன் கணக்குக்கு வந்துகொண்டிருப்பதை உங்கள் மனைவி இந்நேரம் கவனித்திருக்கக்கூடும். பேச்சை அங்கிருந்தேகூடத் தொடங்கலாம்.